ரெண்டு சர்வர், ஒரு ப்ரொஃபைல்

இன்னைக்கு ஒரு எக்செல் ஃபைல் காணாமப் போன கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நான் முன்னாடி சிஸ்டம் அட்மினா இருந்த ஒரு கம்பெனி. பேரு வேண்டாம். ரெண்டு ஆபீஸ், ஆபீஸுக்கு ஒரு ஃபைல் சர்வர். அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு அக்கா, திங்கட்கிழமை முழுக்க ஹெட் ஆபீஸ்ல உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்கு போட்டு, டெஸ்க்டாப்புல சேவ் பண்ணி, லாக்-ஆஃப் பண்ணிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமை பிராஞ்ச் ஆபீஸ்ல லாகின் பண்ணா, ஃபைல் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் போட்டதுதான் இருக்கு. "நெட் ஸ்லோ போல, அப்புறம் வந்துடும்"னு நினைச்சு அதுலயே ரெண்டு வரி திருத்தி சேவ் பண்ணிட்டாங்க. புதன்கிழமை ஹெட் ஆபீஸ் வந்து பார்த்தா, அங்கேயும் திங்கட்கிழமை வேலையைக் காணோம். ஸ்கிரீன்ல ஒரு எரர் கூட வரல.

என்ன நடந்துச்சுன்னு புரிய, ரோமிங் ப்ரொஃபைல்னா என்னன்னு தெரியணும். விண்டோஸ் என்டி காலத்திலேயே வந்த ஏற்பாடு இது. உங்க டெஸ்க்டாப், செட்டிங்ஸ், ஆப் டேட்டாவில் ரோமிங்னு இருக்கிற ஃபோல்டர் எல்லாம் சர்வரில் இருக்கும். லாகின் பண்ணும்போது அது கம்ப்யூட்டருக்கு காப்பி ஆகும். லாக்-ஆஃப் பண்ணும்போது மாறினது மட்டும் திரும்ப சர்வருக்குப் போகும். எந்த சீட்ல உட்கார்ந்தாலும் உங்க கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும். செட்டிங்ஸ் எல்லாம் என்டியூசர் டாட் டேட்னு ஒரே ஃபைலுக்குள்ள இருக்கு. அதனால ஒரே நேரத்துல ரெண்டு மெஷின்ல லாகின் பண்ணீங்கன்னா, கடைசியா லாக்-ஆஃப் பண்ண மெஷினோட செட்டிங்ஸ்தான் நிக்கும். ஒரு சர்வர் இருக்கும்போதே இந்தக் கதை.

இப்போ ரெண்டாவது சர்வரைச் சேருங்க. டிஎஃப்எஸ் நேம்ஸ்பேஸ்னு ஒன்னு இருக்கு: பாதை ஒன்னுதான், ஆனா பக்கத்துல எந்த சர்வர் இருக்கோ அதுக்கு உங்களை அனுப்பும். டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன், அதாவது டிஎஃப்எஸ்ஆர், 2005-ல் விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2 கூட வந்தது. ஒரு சர்வரில் மாறினதை அடுத்ததுக்குக் கொண்டு போகும். பெரிய ஃபைலா இருந்தா மாறின பகுதியை மட்டும் அனுப்பப் பார்க்கும். ரெண்டையும் சேர்த்தா அருமையா இருக்கும்னு யாருக்கும் தோணும். எங்களுக்கும் தோணுச்சு.

சிக்கல் என்னன்னா, டிஎஃப்எஸ்ஆர்ல பூட்டு கிடையாது. இங்கே ஒருத்தர் ஃபைலைத் திறந்து வச்சிருக்கார்னு அந்த சர்வருக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் மாறியிருந்தா, கடைசியா எழுதினவர் ஜெயிப்பார். எங்க லைன் மெதுவா இருந்ததால பகல்ல ரெப்ளிகேஷனை ரொம்பக் குறைச்சு வச்சிருந்தோம். திங்கட்கிழமை ஃபைல் வரிசையில காத்துக்கிட்டு இருக்கும்போதே, செவ்வாய்க்கிழமை அந்த ரெண்டு வரித் திருத்தம் வந்துடுச்சு. அதுதான் புதுசு, அதுதான் ஜெயிச்சது. ஒரு நாள் முழுக்கப் போட்ட உழைப்பு தோத்துப் போச்சு.

தோத்த ஃபைல் உடனே அழியாது. டிஎஃப்எஸ்ஆர் பிரைவேட்னு ஒளிஞ்சிருக்கிற ஃபோல்டருக்குள்ள, கான்ஃப்ளிக்ட் அண்ட் டெலிட்டட்னு ஒரு இடத்துக்குப் போகும். பேரு மாறிடும், எது எதுன்னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல எழுதி வச்சிருக்கும். அந்த இடம் நிறைய ஆரம்பிச்சா, பழசையெல்லாம் தானே அழிச்சுடும். அன்னைக்கு ஈவன்ட் லாக்ல 4412னு ஒரு வரி இருந்தது. ரெண்டு சர்வரிலும் ஒரே ஃபைல் மாறிடுச்சு, ஒன்னைத் தேர்ந்தெடுத்துட்டேன்னு அர்த்தம். நான் தேடிப் பார்க்கிற வரைக்கும் யாரும் அதைப் பார்க்கல. பார்க்க வேண்டியவனும் நான்தான்! அந்த எக்ஸ்எம்எல்லை வச்சு ஃபைலைத் தோண்டி எடுத்தோம். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத் தேடியிருந்தா கிடைச்சிருக்குமான்னு சந்தேகம்தான்.

மைக்ரோசாஃப்ட்டே இதைத் தெளிவா எழுதி வச்சிருக்கு: ரோமிங் ப்ரொஃபைலை ரெப்ளிகேட் பண்ணலாம், ஆனா ஒரு யூசருக்கு ஒரே ஒரு சர்வர்தான் ஆக்டிவா இருக்கணும். ரெண்டாவது சர்வர் காப்பியை வாங்கிட்டு சும்மா இருக்கணும். நேம்ஸ்பேஸில் அதை டிசேபிள் பண்ணி வைக்கணும். முதல் சர்வர் செத்தா, எவ்வளவு டேட்டா வந்து சேர்ந்திருக்குன்னு பார்த்துட்டு, அட்மின் கையால மாத்தி விடணும். தானா மாறக் கூடாது. இதைப் படிக்காம செட் பண்ணது எங்க தப்பு. இன்னொன்னு: இது பேக்கப் கிடையாது. ஒரு பக்கம் ஃபைலை அழிச்சா அடுத்த பக்கமும் அழியும். ரான்சம்வேர் பூட்டின ஃபைலும் ஒழுங்கா காப்பி ஆகும்.

இப்போ நிறைய இடத்துல எஃப்எஸ்லாஜிக்ஸ் வந்துடுச்சு. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கிச்சு. அதுல ப்ரொஃபைல் முழுக்க ஒரே விர்ச்சுவல் டிஸ்க். லாகின் ஆகும்போது காப்பி பண்ணாது, நேரா மவுன்ட் பண்ணும். சாதாரண செட்டப்பில் ஒரு மெஷின் அதைப் பிடிச்சிருந்தா, இன்னொன்னு எழுத முடியாது. டிஎஃப்எஸ்ஆர்ல இல்லாத அந்தப் பூட்டு இங்கே இருக்கு.

எங்க ஆபீஸ்ல அப்போ அதெல்லாம் இல்ல. அந்த அக்காவோட ப்ரொஃபைலை ஹெட் ஆபீஸ் சர்வருக்கு மட்டும் கட்டிப் போட்டோம். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஃபோல்டர் ரீடைரக்ஷன்ல அதே சர்வருக்கு மாத்தினோம். ஃபைல் அப்புறம் தொலையல. ஆனா பிராஞ்ச்ல ஒவ்வொரு ஃபைலும் தூரத்துல இருந்து வரணும். செவ்வாய்க்கிழமை ஆனா போன் வரும்: "தம்பி, முன்னாடி வேகமாத்தானே இருந்துச்சு, என்ன பண்ணி வச்சீங்க?"