அண்டை வீட்டு அலைகள்



மாதுங்காவில் வாழ்ந்த என் பாட்டனார், ஆண்டுதோறும் தபால் நிலையம் சென்று தம் வானொலிப் பெட்டிக்கு உரிமக் கட்டணம் செலுத்தி வந்தார். 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி அத்தகைய கருவியை வைத்திருத்தலே குற்றமாயிருந்தது. வானொலி கேட்போருக்கான அவ்வுரிம முறை 1980-களில் நீக்கப்பட்டது. இன்றோ, தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளிலும், அலைகளை வாங்குவதோடு அனுப்பவும் செய்யும் கருவிகள் உள்ளன. வைஃபை, புளூடூத் என நாம் வழங்கும் இவற்றுக்கு எவரும் உரிமம் பெறுவதில்லை. இஃது எவ்வாறு இயன்றது?

2005-ஆம் ஆண்டு ஜனவரியில், 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைப் பகுதிக்கு மத்திய அரசு உரிமத்தினின்று விலக்கு அளித்தது. விலக்கு என்றதும் கட்டுப்பாடே இல்லையென எண்ணலாகாது. கருவி அரசின் ஒப்புதல் பெற்ற வகையினதாயிருத்தல் வேண்டும். ஏரியலினின்று வெளிப்படும் ஆற்றல் 4 வாட்டை மிஞ்சலாகாது. ஆற்றல் சிறிதாயின் அலை நெடுந்தூரம் செல்லாது. அதே அலையை அடுத்த தெருவினரும் பயன்படுத்தலாம். இதுவே விதியின் உட்பொருள். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. இப்பகுதியில் பிறர் கருவியால் இடையூறு நேரின், பாதுகாப்புக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை.

செம்பூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், மாணவி ஒருத்தி கணினி வழியே தேர்வுக்குப் பயின்று வந்தாள். மாலைதோறும் பாடம் தடைப்பட்டது. ஆராய்ந்தபோது, காரணம் நானே எனத் தெரிந்தது! சுவருக்கு இப்பால் இருந்த என் கருவி, அவள் வீட்டுக் கருவியின் தடத்தின்மேல் பாதி படிந்து இயங்கிற்று. இப்பகுதியில் 13 தடங்கள் உண்டெனினும், ஒன்றன்மேலொன்று படியாமல் ஒருங்கே இயங்கத்தக்கவை 3 மட்டுமே. தடத்தை மாற்றினேன், ஆற்றலையும் குறைத்தேன். அன்று மாலை அவள் பாடம் இடையறாது நடந்தது.

நான் எவ்விதியையும் மீறியிருக்கவில்லை. அவள் முறையிடவும் இடமில்லை. சட்டம் நிறுத்திய இடத்திலிருந்து அண்டை வீட்டாரின் பண்பு தொடரவேண்டியிருந்தது.

வானலைகள் பொதுச்சொத்து என 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருக்குழாயில் தன் குடம் நிறைந்ததும் விலகி நிற்கும் பழக்கம் நம் சந்துகளில் என்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இப்பொதுச்சொத்திற்கும் அவ்வழக்கமே காவல்.