விட்டுப்போன கணக்கு



சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் சிராங்கூன் சாலையை மறந்திருக்க மாட்டார்கள். தேக்காவில் தொடங்கி, பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் கடந்து நடந்தால், தைப்பூசக் காவடிகள் புறப்படும் பெருமாள் கோயில் வரும். அதற்குச் சற்று முன்பாக, ஓவன் சாலை வந்து சேரும் முனையில், ஒரு காலத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. 1971-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கீழே வங்கி, அதற்கு மேலே இரவு விடுதி, அதற்கும் மேலே நியூ வோர்ல்ட் ஹோட்டல்.

1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15-ஆம் நாள், சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன், அந்தக் கட்டடம் ஒரு நிமிட நேரத்திற்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டனர். அப்போது அந்நகரில் பெருவிரைவு ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு வல்லுநர்கள் தாமே முன்வந்தார்கள். மேலே கனரக இயந்திரங்களை ஓட்டினால் அடியில் உள்ளவர்கள் நசுங்கிவிடுவார்கள் என்று கூறி, பக்கவாட்டில் சிறு சுரங்கங்கள் தோண்டி உள்ளே ஊர்ந்து போனார்கள்.

ஏன் இடிந்தது? வெடிகுண்டாக இருக்குமோ, எரிவாயு கசிந்திருக்குமோ என்று மக்கள் ஐயுற்றார்கள். விசாரணையில் வெளிவந்த உண்மை வேறு. அந்தக் கட்டடத்தின் தாங்குதிறனைக் கணக்கிட்டவர் தகுதி பெற்ற பொறியாளர் அல்லர், வரைபடம் வரைபவர். உள்ளே வரப்போகும் மனிதர்கள், மேசை நாற்காலிகள் ஆகியவற்றின் எடையை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். கட்டடத்தின் சொந்த எடையை, அதாவது சுவரும் தளமும் தூணுமாக நிற்கும் அந்தச் சிமெண்டின் பாரத்தை, கணக்கில் சேர்க்கவே இல்லை!

நமக்குத் தெரிந்த முறையில் சொல்வோம். தோளில் காண்டாக் கம்பு. இரு முனையிலும் பால் வாளிகள். கம்பு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று பார்க்கும்போது, பாலின் எடையை மட்டும் கூட்டிவிட்டு வாளியின் எடையை மறந்தால் என்ன ஆகும்? கட்டடத்தின் நிலையோ அதைவிட மோசம். அங்கே வாளிதான் பாலைவிடப் பன்மடங்கு கனம்.

அப்படியானால் அது கட்டிய அன்றே விழுந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். பதினைந்து ஆண்டுகள் நின்றது. தூண்கள் தங்கள் எல்லைக்கு மிக அருகில் பாரத்தைச் சுமந்தபடி, சிறிது சிறிதாகத் தளர்ந்துகொண்டே நின்றன. ஒரு காரியம் இன்றுவரை கெட்டுப்போகவில்லை என்பதால் அது சரியான காரியம் ஆகிவிடாது. இடிவதற்கு முன்பே தூண்களில் வெடிப்புகள் தென்பட்டன. ஆனால் உள்ளே இருந்தவர்கள் உடனே வெளியேற்றப்படவில்லை. முதல் தவறு கணக்கில். இரண்டாவது தவறு, கண்ணெதிரே தெரிந்த அறிகுறியின் பொருளை உணராததில்.

நேயர்களே, நமது வாழ்க்கைக் கணக்குகளிலும் இப்படித்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. கூட்டலில் தவறுவது குறைவு. எதைக் கூட்ட வேண்டும் என்பதில்தான் தவறுகிறோம். பால்மரம் சீவும்போது கத்தியைச் சற்று ஆழமாக இறக்கினால் இன்றைக்குக் கொஞ்சம் பால் கூடும். ஆனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னாளில் அந்த இடத்தில் ஒழுங்காகச் சீவ இயலாது. தவணைக்குப் பொருள் வாங்கும்போது மாதத் தவணையைப் பார்க்கிறோம். முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம் என்று பார்ப்பதில்லை.

மற்றவர்களைச் சொல்வானேன்? ஆசிரியர்களாகிய நாங்களும் தவறியிருக்கிறோம். ஒரு தகப்பனார் எங்களிடம் வந்தார். "வாத்தியாரய்யா, மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கிறதாம். தொழிற்கல்லூரியிலும் இடம் வந்திருக்கிறது. எதற்கு அனுப்பட்டும்?" என்று கேட்டார். சம்பளத் தொகையைச் சொன்னார். நம்முடைய வெள்ளியில் மாற்றிப் பார்த்து, "தாராளமாக அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டோம். முகவருக்குக் கொடுக்க அவர் வட்டிக்கு வாங்கிய பணத்தை நாங்கள் கேட்கவில்லை. அறை வாடகை, சாப்பாடு, பயணச் செலவு எதையும் கேட்கவில்லை. வேலை நிலையானதுதானா என்றும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் பையன் வெறுங்கையோடு திரும்பினான். கல்லூரி இடம் போயிற்று. கடன் மட்டும் நின்றது. அந்தத் தகப்பனார் எங்களை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது. மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பம் எழுதி, அவனைத் தொழில் படிக்க அனுப்பிவைத்த பிறகே எங்கள் மனம் ஓரளவு ஆறிற்று.

தவறு நேர்ந்த பின் என்ன செய்வது என்பதற்கும் அந்தச் சிராங்கூன் சாலைச் சம்பவத்திலேயே பாடம் இருக்கிறது. சிங்கப்பூர் அரசு 1989-ஆம் ஆண்டில் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி, ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அந்த வேலையில் தொடர்பில்லாத மற்றொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கட்டி முடித்த கட்டடங்களையும் காலமுறைப்படி சோதிக்க வேண்டும்: குடியிருப்புகளைப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, மற்றவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை. கற்றறிந்த பொறியாளருக்கே மற்றொருவர் சரிபார்ப்பது தேவை என்றால், நமக்கு அதில் என்ன வெட்கம்?

திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரு செயலில் இறங்குமுன் ஆராய வேண்டியதை வள்ளுவர் அங்கே விளக்குகிறார். அதை ஒட்டி மூன்று பழக்கங்களை நாம் கைக்கொள்வோம். முதலாவது, கடன் வாங்குமுன், பிள்ளையின் படிப்பை நிறுத்துமுன், ஊரை விட்டுப் போகுமுன், "இந்தக் கணக்கில் எது விட்டுப்போயிற்று?" என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். இரண்டாவது, அந்தத் தாளை, அந்தக் காரியத்தால் லாபம் அடையாத ஒருவரிடம் காட்டுவோம். முகவரிடம் கேட்டால் அவர் போகச் சொல்லத்தான் செய்வார். வீட்டில் செலவைக் கையாளும் தாய்மாரிடம் கேட்டால், விட்டுப்போனது எது என்று உடனே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, வெடிப்பு கண்ணில் பட்டால் பூசி மறைக்காமல், அன்றைக்கே நின்று யோசிப்போம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நேயர்களே, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உங்கள் வீட்டுக் கணக்கு ஒன்றை எடுத்து, எல்லோருமாக உட்கார்ந்து பாருங்கள். விட்டுப்போன வரி ஒன்று கட்டாயம் கண்ணில் படும்.