இறங்கின அன்னைக்கே அடுத்த ரயிலா?

போன வருஷம் அப்பா, அம்மாவை ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியா நரிட்டா, அங்கிருந்து ரயிலில் 1 மணி நேரத்தில் டோக்கியோ, அன்னைக்கே ஷின்கான்சென் பிடிச்சு கியோட்டோ. எக்செல்ல பார்க்க பக்காவா இருந்தது.

நரிட்டாவில் 2 மணி நேரம் தாமதமா இறங்கினோம். சீட் பதிவு பண்ணியிருந்த ஷின்கான்சென் போயிடுச்சு. பணம் போகலை; அதே டிக்கெட்டில் அன்னைக்குள்ள அடுத்த ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம். பதற்றத்தில் வந்த ரயிலில் ஏறிட்டோம். அம்மாவுக்கு மட்டும்தான் சீட் கிடைச்சது. முழங்கால் வலியோட அப்பா நகோயா வரைக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல, நின்னுட்டே வந்தார். கேட்டா, "எனக்கு ஒண்ணுமில்லப்பா"ன்னார்.

கோடு எழுதும்போது எரர் வந்தா என்ன பண்றதுன்னு முதல்லயே யோசிக்கிறவன், இதுல யோசிக்கலை.

இப்போ என் விதி ரெண்டுதான். விமானங்கள் எல்லாம் ஒரே பிஎன்ஆரில் இருக்கணும். ஒண்ணு தாமதமாகி அடுத்ததை விட்டா, மாத்தித் தர்றது விமான நிறுவனத்தோட பொறுப்பு. தனியா வாங்கின ரயில் டிக்கெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால, இறங்கின ஊர்லயே அன்னைக்கு ராத்திரி தூங்கிடணும். தூர ரயில் மறுநாள் காலையில்தான்.