தொட்டிலைத் தேடிச் செல்லும் பணி
(விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பங்கின் பழைய வரலாற்றைப் பெரியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நாங்களோ வீடு வீடாகப் போய்ப் பச்சிளங் குழந்தைகளைப் பார்த்து வரும் பெண்கள். எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதிலும் நம் ஊர்களின் ஓரத்திலே வாழும் இருளர் குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலே இருளர் குடிசைகளைக் காணாதவர் நம்மில் யார்? ஏரிக்கரை, வாய்க்கால் புறம்போக்கு, தோப்பின் மூலை என்று பெரும்பாலும் பிறர் குடியிருக்க விரும்பாத இடங்களிலே அவர்கள் இருப்பு. மீன் பிடிப்பதும், வயலிலே எலி பிடிப்பதும், தோப்புக் காவலும், செங்கல் சூளையும், மரம் வெட்டுவதும் அவர்கள் பிழைப்பு. புதுவையிலே இருளரைப் பழங்குடியினர் என்று அரசு முறைப்படி அறிவித்ததே 2016-ஆம் ஆண்டில்தான். வில்லி, வேட்டைக்காரன் என்று அழைக்கப்படுவோரும் அதிலே அடக்கம். எத்தனையோ தலைமுறையாக நம் பக்கத்திலேயே இருந்தவர்களுக்கு ஒரு பெயர் கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று!

நம் புதுவையின் நில அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு வயலைத் தாண்டினால் தமிழ்நாடு, அடுத்த தெரு மறுபடி புதுவை. பாகூர்ப் பக்கத்துப் பெண் கடலூரிலே பிள்ளை பெறுகின்றாள். வில்லியனூர்ப் பக்கத்துப் பெண் ஜிப்மரிலோ முண்டியம்பாக்கத்திலோ பெறுகின்றாள். பிறகு சூளை வேலைக்குக் குடும்பமே கிளம்பிவிடுகின்றது. அந்தக் குழந்தையின் பெயர் எந்த அங்கன்வாடிப் பதிவேட்டிலே இருக்கும்? பல வேளைகளில் எதிலும் இராது. பிரசவம் மருத்துவமனையில் ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நாம் நினைக்கின்றோம். ஆனால் இரண்டொரு நாளிலே தாய் அந்தக் குடிசைக்குத்தானே திரும்புகின்றாள்?

மகாராஷ்டிர மாநிலத்திலே கட்சிரோலி என்பது பழங்குடியினர் மிகுந்த மாவட்டம். அங்கே அபய் பங், இராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே சென்று பார்க்கச் செய்தார்கள். 39 கிராமங்களிலே நடந்த அந்த முயற்சியால் பிறந்து ஒரு மாதத்திற்குள் இறக்கும் குழந்தைகளின் அளவு அறுபது விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. 1999-இல் அது உலகுக்குத் தெரிந்தது. 2011-இல் இந்திய அரசே அதை நாடு முழுவதற்கும் ஒரு திட்டமாக்கியது. மருத்துவமனையிலே பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிலே பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. பிறகு 2018-இல் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களும் சேர்ந்தன.

போய் எதைப் பார்ப்பது? சீம்பாலைப் பீச்சிக் கொட்டாமல் கொடுத்தார்களா, சர்க்கரைத் தண்ணீர் வைக்கின்றார்களா என்று கேட்கின்றோம். இரண்டரை கிலோவுக்குக் குறைந்த பிள்ளையானால் தாயின் மார்போடு உடம்பு படும்படி அணைத்து வைக்கச் சொல்லுகின்றோம். பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, நிமிடத்திற்கு அறுபது மூச்சு அல்லது அதற்கு மேல் வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் உயிரைக் காப்பது.

உயிர் தங்கினால் போதுமா? நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஜமைக்கா என்ற தீவிலே, கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில், 1986-87-இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சாலி கிரந்தம்-மெக்கிரகர் என்ற அம்மையார் நடத்திய ஆய்வு அது. சிலருக்குப் பால்மாவு மட்டும் கொடுத்தார்கள். சிலர் வீட்டிற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணிப்பெண் சென்று, தாய் பிள்ளையோடு பேசவும் விளையாடவும் வழிகாட்டினாள். விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் தூக்கி எறிந்த பொருள்களிலே செய்தவை. இரண்டு ஆண்டுகள் இப்படி. இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட இருபத்தைந்து விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பயன் காணவில்லை. சோறு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை! சோற்றோடு பேச்சும் வேண்டும் என்கின்றோம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஐந்தாம் மாதத்திலே செங்கீரை, ஒன்பதாம் மாதத்திலே சப்பாணி, பின் முத்தம், வருகை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிள்ளைத்தமிழிலே வைத்த தமிழர் நாம். தலை தூக்கி ஆடுகின்றதா, கைகொட்டுகின்றதா என்று மருத்துவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதைத்தான். கொட்டாங்குச்சியும் நுங்கு வண்டியும் பனையோலைக் கிலுகிலுப்பையும் எந்தக் கடையிலே வாங்கியவை?

ஆனால் விடியற்காலையிலே வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பும் தாய்க்குப் பேச ஏது நேரம்? பிள்ளை அதன் அக்காள் இடுப்பிலே இருக்கின்றது. அந்த அக்காளுக்கே ஏழு வயது. ஆகவே நாங்கள் அந்தச் சிறுமியோடும், ஆயாவோடும் உட்காருகின்றோம். பிள்ளை “ங்கா” என்றால் நீயும் “ங்கா” என்று சொல் என்கின்றோம். பால் கொடுக்கும் அந்தக் கால் மணி நேரமே போதும், முகத்தைப் பார்த்துப் பேசு என்று தாய்க்குச் சொல்லுகின்றோம்.

இன்னும் ஒன்று உண்டு. பதிவேட்டைக் கையிலே பிடித்து யாராவது வந்தால், சில குடிசைகளிலே தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் போய்விடுகின்றாள். ஏன்? “ஏன்டி இப்படிப் பிள்ளையை இளைக்க விட்டாய்” என்ற ஏச்சை ஏற்கெனவே கேட்டிருக்கின்றாள். வயதிலே மூத்த இருளர் பெண்ணையும் “வாடி போடி” என்று அழைப்பது நம் ஊர்களிலே இன்னும் சாதாரணம். அப்படி அழைத்த வாய் தாய்ப்பாலைப் பற்றிச் சொன்னால் அவள் காதிலே ஏறுமா? அக்கா, ஆயா என்று கூப்பிட்டு, அவள் போடும் சாக்கிலே உட்கார்ந்து, அவள் தரும் தண்ணீரை வாங்கிக் குடித்தால்தான் பேச்சே தொடங்குகின்றது. மரியன்னை எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனபோதுகூட ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார்கள் அல்லவா!

ஆஸ்திரேலியாவிலே பூர்வகுடித் தாய்மார்களுக்காக நடக்கும் வீடு சந்திப்புத் திட்டத்திலே, செவிலியருடன் அந்த மக்களிலேயே ஒரு பெண்ணும் கூடச் செல்லுகின்றாள். எங்களுக்கு அது மிகவும் சரியாகப் படுகின்றது. படித்த இருளர் பெண்கள் இப்போது நம் ஊர்களிலே இருக்கின்றார்கள். அவர்களைத் துணைக்கு அழைப்பது போதாது. அவர்கள் முன்னே போக, நாம் பின்னே போகலாம்.

வில்லியனூர் கொம்யூனிலே இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம நல மையம் இருக்கின்றது, அங்கன்வாடிகளும் இருக்கின்றன. இல்லாதது, ஒரே ஆள் ஒரே வீட்டிற்கு மாதா மாதம் தவறாமல் போவதுதான். ஆகவே உங்களிடம் மூன்று உதவிகள் கேட்கின்றோம். சூளையோ தோப்போ வைத்திருப்பவர்கள், வேலைக்கு வந்த குடும்பத்திலே கைக்குழந்தை இருந்தால் வந்த அன்றே எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு இடையிலே அரை மணி ஓய்வு கொடுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். ஓலை பின்னத் தெரிந்த பெரியவர்கள், கூட்டம் முடிந்ததும் கோயில் வாசலிலே எங்களைப் பாருங்கள். கிலுகிலுப்பை நாற்பது வேண்டியிருக்கின்றது. ஓலை நாங்கள் கொண்டு வருகின்றோம்.