தவிட்டுக்குள் எண்ணெய் வந்த வழி

(தஞ்சாவூரில் உயிரியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "வயலில் யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு எண்ணெய் எப்படி வந்தது?" குளுக்கோஸ் சிதைவதைப் படிப்படியாக ஒப்பிக்கும் மாணவரும் இங்கே தடுமாறுவார். சிதைவைச் சொல்லித் தரும் அளவுக்குக் கட்டுமானத்தை நாம் சொல்லித் தருவதில்லை. எண்ணெய் சாப்பிட்டால்தான் உடலில் கொழுப்பு சேரும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இலையிலிருந்து சர்க்கரை மணிக்குள் இறங்குகிறது. பெரும்பகுதி நடுவில் மாவுச்சத்தாகத் தங்குகிறது. அதைச் சுற்றியுள்ள அலூரோன் அடுக்கிலும் முளைக்கருவிலும் அதே சர்க்கரை எண்ணெயாகிறது. செல்லின் கணிகங்களில் சர்க்கரை உடைந்து, இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் கோ-ஏ கிடைக்கிறது. கொழுப்பு அமிலச் சங்கிலிக்கு அதுவே செங்கல்.

இரண்டு செங்கல்லை நேரடியாக ஒட்ட முடியுமா? செல் அப்படிச் செய்வதில்லை. 1950களின் இறுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சாலிஹ் வாக்கில் குழுவினர், பைகார்பனேட் இல்லாவிட்டால் கொழுப்பு அமிலம் உருவாகவில்லை என்று கண்டனர். சரி, அந்தக் கார்பன் சங்கிலியில் சேர்கிறதோ என்று கதிரியக்கக் கார்பன் கொண்ட பைகார்பனேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு அமிலத்தில் கதிரியக்கமே இல்லை! தேவைப்படுகிறது, ஆனால் உள்ளே போய்த் தங்குவதில்லை.

விடை இதுதான். ஒரு ஏ.டி.பி. செலவில் அசிட்டைல் கோ-ஏவுடன் கரியமிலம் ஒட்டி, மூன்று கார்பன் மலோனைல் கோ-ஏ ஆகிறது. அது சங்கிலியில் சேரும்போது ஒட்டிய கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அந்த வெளியேற்றமே இணைப்பை முன்னோக்கித் தள்ளுகிறது. அடிபம்பில் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறோம் அல்லவா? ஊற்றிய தண்ணீர் திரும்ப வந்துவிடும், ஊற்றாவிட்டால் பம்பு இழுக்காது. இங்கே ஒவ்வொரு அடிக்கும் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினாறு கார்பன் பால்மிடிக் அமிலத்துக்கு ஏழு சுற்று, ஏழு ஏ.டி.பி., பதினான்கு என்.ஏ.டி.பி.எச். கரும்பலகையில் இதைக் கணக்காகவே போடலாம்.

தவிட்டெண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பால்மிடிக். அதற்கு மேல் இரண்டு கார்பன் சேர்ந்து, ஒரு இரட்டைப் பிணைப்பு வந்தால் ஒலியிக். கணிகத்தை விட்டு வெளியேறி, எண்டோபிளாச வலையில் இன்னொரு இரட்டைப் பிணைப்பு பெற்றால் லினோலியிக். இந்தக் கடைசி வேலைக்கான நொதி நம் உடலில் இல்லை. லினோலியிக் அமிலத்தை உணவில்தான் பெற வேண்டும். பிறகு மூன்று அமிலங்கள் ஒரு கிளிசராலில் கோக்கப்பட்டு, எண்ணெய்த் துளியாகச் சேமிக்கப்படுகின்றன.

நம் கல்லீரலும் இதே வழியில் மிகுதியான மாவுச்சத்திலிருந்து கொழுப்பு கட்டுகிறது. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் ஊரில் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

இனி ஆய்வகம். மணிக்குள் எண்ணெயும், அதை உடைக்கும் லைப்பேஸ் நொதியும் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. ரைஸ் மில்லில் தவிடு பிரியும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. செல் பாடுபட்டுக் கோத்த அமிலங்கள் மணிக்கணக்கில் கழலத் தொடங்கும். பச்சரிசித் தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதும், ஆலைகள் புதுத் தவிட்டுக்கு அவசரப்படுவதும் இதனால்தான். புழுங்கல் நெல்லில் ஆவியின் சூடு லைப்பேஸை முன்பே அழித்துவிடுகிறது. அவித்த நெல் டெல்டாவுக்குப் பழையது, காரணத்தைத்தான் நாம் வகுப்பில் சொல்வதில்லை.

இரண்டு தவிட்டையும் அரைத்த அன்றே வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து கிராமை ஐம்பது மில்லி எத்தனாலில் கலக்கி வடிகட்டுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்துக் குறித்து வையுங்கள். மீதித் தவிட்டைத் திறந்த டப்பாவில் வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். பச்சரிசித் தவிட்டுக்குப் பியூரெட் எவ்வளவு அதிகமாக இறங்குகிறது என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். வேண்டுமானால் மூன்றாவது டப்பா ஒன்றும் வையுங்கள்: பச்சரிசித் தவிட்டை இட்லிச் சட்டியில் அவித்து உலர்த்தியது.