பசியும் மூளையும்

பசியைப் பிணி என்று அழைத்தவர் தமிழர். மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயாற் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்துகிறாள். அமுதசுரபி தந்த உணவு அந்நோயைத் தீர்க்கிறது. உண்டும் அடங்காத பசியின் கதை அது. உணவு எதிரே இருந்தும் உண்ண இயலாத நோயும் உண்டு. அளவின்றி உண்டு, பின்பு அதனை வலிந்து வெளியேற்றும் நோயும் உண்டு. இவற்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். யான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆயினும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காணும் ஆசிரியத் தொழில் இதனை அறிந்துகொள்ளும் கடமையை என்மேற் சுமத்தியுள்ளது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த எங்கள் களுவாஞ்சிக்குடியில் உண்ணாமை புதிதன்று. கந்தசஷ்டிக்கும் கேதார கௌரிக்கும் நோன்பிருப்போர் பலர். ஆனால் நோன்புக்கு எல்லை உண்டு. முடிவிலே பாரணை உண்டு. அன்று வீடெல்லாம் கூடி மகிழ்ந்துண்ணும். நோயோ பாரணையை அறியாது. எடை குறையக் குறைய, இன்னும் குறையவேண்டும் என்றே அது பிள்ளையை ஏவும். விரதம் என்ற பெயரிற் பட்டினி மாதக்கணக்காக நீண்டால், அதனைப் பக்தி என்று நாம் எண்ணிவிடலாகாது.

1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும், பாரிசில் லசேக் என்பவரும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். கல் இட்ட அனொரெக்சியா நேர்வோசா என்ற பெயருக்கு, நரம்புவழி வந்த பசியின்மை என்பது பொருள். அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. ஏனெனில் நோயாளிக்குப் பசி இல்லாமற் போவதில்லை. இரைப்பையிற் சுரந்து பசியை அறிவிக்கும் கிரெலின் என்னும் ஓமோன் அவர் குருதியில் மிகுந்தே காணப்படுகிறது. கொழுப்பின் இருப்பை அறிவிக்கும் லெப்ரின் குறைந்து காணப்படுகிறது. இவ்விரண்டும், "உணவு வேண்டும்" என்று மூளையின் அடிப்பகுதியிலுள்ள பரிவகக்கீழுக்கு ஓயாது செய்தி அனுப்புகின்றன. செய்தி சென்று சேர்கிறது, செயல் பிறப்பதில்லை.

ஏன் பிறப்பதில்லை? நமக்கு உணவு இன்பம் தருவது. இந்நோயாளருக்கோ உணவைக் கண்டதும் அச்சமும் பதற்றமும் எழுகின்றன. உண்ணாதிருந்தால் அப்பதற்றம் தணிகிறது. தணியுந்தோறும் உண்ணாமை பழக்கமாக வேரூன்றுகிறது. 2015இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக அறிஞர் சிலர், நோயாளர் உணவைத் தெரிவு செய்யும்போது அவர்தம் மூளையின் செயலைப் படம்பிடித்து ஆராய்ந்தனர். பழக்கத்தோடு தொடர்புடைய ஆழ்பகுதி ஒன்று அத்தெரிவிற் பங்குகொள்வதை அவர்கள் கண்டனர். "பிடிவாதக்காரி" என்று நாம் ஏசுகின்ற பிள்ளை, தன் மூளை இட்ட தளையிலே கட்டுண்டு கிடக்கிறாள் என்பதை இதனால் உணரலாம். 2019இற் பல நாட்டு அறிஞர் கூடிச் செய்த ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய எட்டு மரபணு இடங்களைக் கண்டறிந்தது. உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும் இதிற் பங்குண்டு என்று அது காட்டிற்று. ஆகவே தாயின் வளர்ப்பே குற்றம் என்று பழிசுமத்துதல் முறையன்று.

பட்டினி தானே மனத்தை மாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர், நலமுள்ள ஆடவர் 36 பேரை அவர்தம் இசைவுடன் ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உணவையே நினைந்தனர். சமையற் குறிப்புகளைச் சேர்த்தனர். சோர்ந்து, சினந்து, நண்பரை விட்டு ஒதுங்கினர். நோயாளரிடம் நாம் காணும் குணங்கள் பல, பட்டினி விளைத்தவையே. பட்டினியால் மூளையின் சாம்பற்பொருளும் சுருங்குகிறது. நற்செய்தி யாதெனில், எடை மீளும்போது அதுவும் பெரும்பாலும் மீள்கிறது.

இது மேனாட்டார் நோய் என்று ஒதுக்கவும் இயலாது. 1995இல் இந்திய மருத்துவர்களான கண்டேல்வால், சரண், சக்சேனா ஆகியோர் ஐந்து இளம்பெண்களின் நிலையை எழுதினர். ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மருத்துவர், தடித்துவிடுவோம் என்ற அச்சமே இல்லாத நோயாளர் பலரைக் கண்டார். "வயிறு பொருமுகிறது, இறங்கவில்லை" என்பதே அவர்கள் கூற்று. நம் வீடுகளிலும் இத்தகைய பிள்ளையை வயிற்றுநோய்க்காரி என்றோ, கண்ணூறு பட்டவள் என்றோ கருதிக் காலங் கடத்த நேரலாம்.

உண்டதை வலிந்து வாந்தியெடுக்கும் நோய்க்குப் புலிமியா என்று பெயர். 1979இல் ஜெரால்ட் ரசல் அதனை விவரித்தார். இந்நோயாளர் மெலியாமலே இருப்பதுண்டு. ஆதலால் அது வெளித்தெரியாது. வாந்தியால் உடலின் பொற்றாசியம் குறைந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

சிகிச்சை யாது? முதல் மருந்து உணவே. ஆயின், நெடுநாட் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டுதல் ஆபத்து. குருதியிற் பொசுபேற்று திடீரெனக் குறைந்து உயிர்க்கே ஊறு நேரலாம். மருத்துவர் கண்காணிப்பிற் படிப்படியாக ஊட்டவேண்டும். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் சிறந்தது, இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. அதிற் பெற்றோர் யாரையும் பழியாது, பிள்ளையின் உணவுப் பொறுப்பைத் தாமே ஏற்று, உடல் தேறியபின் சிறிது சிறிதாக அவளிடம் திருப்பித் தருவர். புலிமியாவுக்கு, வேளை தவறாது உண்ணப் பழக்கி எண்ணங்களைத் திருத்தும் உளச்சிகிச்சையும், புளுவொக்செற்றின் என்ற மருந்தும் பயன் தருகின்றன. முன்னைய நோயைத் தீர்க்கும் மாத்திரை இன்னும் இல்லை.

பெற்றோரே, ஆசிரியரே! சாப்பாட்டு வேளையிற் பிள்ளை ஒளிகிறாளா? உண்டவுடன் தனித்து எழுந்து செல்கிறாளா? எந்நேரமும் குளிர்கிறது என்கிறாளா? மாதவிடாய் நின்றதா? சட்டை தொளதொளக்கிறதா? காத்திராதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும். மனநோய்களுள் மிகுதியாக உயிர்கொள்வனவற்றுள் இதுவும் ஒன்று. தொடக்கத்திற் கண்டால் தீர்வது எளிது. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையையோ, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையையோ நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

இன்னும் ஒன்று. "தடித்துவிட்டாய்", "மெலிந்து அழகானாய்" என்று பிள்ளையின் உடலை அளந்து பேசும் வழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். நமக்கு அது விளையாட்டுச் சொல்; கேட்கும் பிள்ளைக்கோ அதுவே நோயின் வித்தாகலாம். கூடியிருந்து உண்ணும் ஒரு வேளைச் சோற்றை நம் வீடுகளிற் பேணுவோம். உண்ணாத பிள்ளை யார் என்பது முதலிலே தெரியவருவது அந்த இடத்தில்தான்.