வேளாங்கண்ணிப் பேருந்து வெண்மணியிலும் நிற்கட்டும்

பட்டம் பெறும் பிள்ளைகளுக்கும், பட்டாசு ஆலையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு நாரணாபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கல்லூரிச் சுற்றுலாப் பேருந்து சோழநாட்டுக்குப் போனால் வழக்கமான தடம் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயில், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி. நாகை மாவட்டத்துக் கீழ்வெண்மணி அந்தத் தடத்துக்குப் பக்கம்தான். ஆனாலும் வண்டி அங்கே திரும்புவது அபூர்வம்.

1968 டிசம்பர் 25 இரவு அவ்வூரில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தார். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கீழ்க்கோர்ட்டு, வழக்கில் சிக்கிய மிராசுதார்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லையாம். காருக்கு இப்படியும் ஒரு பயன்!

அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் படித்து, ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய மைதிலி சிவராமன், சாம்பல் ஆறுமுன் வெண்மணிக்குப் போனார். கண்டதையும் கேட்டதையும் எழுதினார். அந்தப் பட்டத்துக்கு அதைவிட நல்ல உபயோகம் இருந்திருக்க முடியாது.

வண்டி அப்படித் திரும்பும் ஊர்களும் உலகத்தில் உண்டு. போலந்தில் கிராக்கவ் என்ற பழைய நகரத்தைப் பார்க்கப் போகும் மாணவர் குழுக்கள், கோட்டையையும் தேவாலயங்களையும் பார்த்த கையோடு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கும் போகின்றன. நாஜிகள் அங்கே சுமார் 11 லட்சம் பேரைக் கொன்றார்கள்; மிகப் பெரும்பாலோர் யூதர்கள். அவ்வளவு பெரிய எண் மனசில் தங்குவதில்லை. ஆனால் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அவர்களுடைய பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. திரும்பக் கிடைக்கும் என்று நம்பி, பெட்டிக்கு உரியவர்கள் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதிவைத்த பெட்டிகள். பிள்ளைகளின் கால் நின்றுபோவது அங்கேதான்.

பெயரை எழுதிவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1010இல் ராஜராஜன் முடித்த பெரிய கோயிலின் சுவரில் கோயில் சேவைக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர் வெட்டியிருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று விலாசமும் உண்டு. தலைக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று சம்பளக் கணக்கும் உண்டு. அந்தப் பெண்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லாது. ராஜாவின் பெருமைக்காக வெட்டியது அது. இருந்தாலும் ஆயிரம் வருஷம் கழித்துப் பெயர் சொல்ல முடிகிறது. அதே காவிரி நெல்லுக்காகத்தான் வெண்மணியில் உயிர் போனது.

இப்போது உள்ளூர்ச் சங்கதி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த வெடிவிபத்துகள் பத்திரிகையில் ‘பட்டாசு ஆலை விபத்து, இத்தனை பேர் பலி’ என்று வந்து, மறுவாரம் மறைந்துபோயின. இறந்தவர்கள் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் அக்கா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்.

பட்டதாரிகளே, வேலை தேடும் இந்த மாதங்களில் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் வெடியில் போனவர்களின் பெயர், வயது, அன்றைக்கு அவர்கள் பார்த்த வேலை, வாங்கிய கூலி, விபத்துக்கு என்ன காரணம் என்று வீட்டார் சொல்வது எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.